அணு ஆயுதங்களின் நிழலில் ஒரு கத்தோலிக்கத் தலைவர்



ஜான் எஃப். கென்னடி என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது, 1963ம் ஆண்டு நவம்பர் 22ம் தேதி டாலஸ் நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட துயர நிகழ்வுதான். அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் கத்தோலிக்க அரசுத்தலைவர் அவர். அவருடைய முன்னோரின் நாடான அயர்லாந்தில், பல வீடுகளின் சுவரில் திருத்தந்தையின் படத்துக்கு அருகே அவருடைய படமும் மாட்டப்பட்டிருந்தது. அவர் ஒரு புனிதர் அல்ல. அவருடைய தனி வாழ்வின் குறைகள் அவர் இறந்த பிறகு வெளிவந்து, இன்று எல்லாரும் அறிந்தவையாகிவிட்டன. ஆயினும் அவர் வாழ்வின் கடைசிப் பதின்மூன்று மாதங்கள் நாம் நின்று நிதானித்துச் சிந்திக்கத் தக்கவை. உலகிலேயே மிக அதிகமான அணு ஆயுதங்களைத் தம் கட்டளையின் கீழ் வைத்திருந்த ஒரு மனிதர், மேலும் மேலும் குவிக்கும் பாதையிலிருந்து திரும்பி, ஆயுதக் குறைப்பை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்த காலம் அது.

போரைக் கண்ணால் கண்டவர்

1917ம் ஆண்டு மே 29ம் தேதி, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்லைன் நகரில், ஒன்பது பிள்ளைகளில் இரண்டாவது மகனாகப் பிறந்தார் கென்னடி. தந்தை ஜோசப் பெரும் செல்வந்தர். தாய் ரோஸ் ஆழ்ந்த பக்தியுள்ளவர். பிள்ளைகளுக்குச் செபமாலையையும் திருப்பலியையும் பழக்கியவர். கென்னடி சிறுவயதிலிருந்தே நோயாளி. வாழ்நாள் முழுவதும் முதுகு வலியோடு போராடினார். இறுதி நேரம் நெருங்கிவிட்டது என்று கருதி, அருள்பணியாளரை அழைத்து அவருக்கு நோயில்பூசுதல் அளித்த நாட்களும் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் அவர் கடற்படை அதிகாரியாகப் பணியாற்றினார். 1943ம் ஆண்டு ஆகஸ்ட் 2ம் தேதி நள்ளிரவுக்குப் பின், சாலமன் தீவுகளுக்கு அருகே, அவர் பொறுப்பில் இருந்த சிறிய ரோந்துப் படகின் மீது ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்று மோதி அதை இரண்டாகப் பிளந்தது. படகில் இருந்த பதின்மூன்று பேரில் இருவர் இறந்தனர். தீக்காயம் பட்ட ஒரு தோழரின் மிதவைச் சட்டையின் வாரைப் பற்களால் கடித்துப் பிடித்துக்கொண்டு, பல மணி நேரம் நீந்தி, அவரை ஒரு தீவில் கரைசேர்த்தார் கென்னடி. தேங்காய் ஓட்டில் அவர் செதுக்கிக் கொடுத்த செய்தியை அந்தத் தீவுகளின் பழங்குடி இளைஞர் இருவர் கொண்டுபோய்ச் சேர்த்ததால்தான் அவர்கள் உயிர் தப்பினர். அந்தத் தேங்காய் ஓடு பின்னாளில் வெள்ளை மாளிகையில் அவர் மேசை மேல் இருந்தது.

அடுத்த ஆண்டு, 1944 ஆகஸ்ட் 12ம் தேதி, அவருடைய அண்ணன் ஜோசப், வெடிமருந்து நிரப்பிய விமானத்தை ஓட்டிச் சென்றபோது அது நடுவானில் வெடித்து இறந்தார். போர் என்றால் என்ன என்பதை வரைபடத்தில் அல்ல, தம் வீட்டிலேயே கண்டவர் கென்னடி. இதை நாம் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். ஏனெனில், போரின் வலியை அறிந்தவர்கூட ஆயுதக் குவிப்பில் எவ்வளவு எளிதாக இழுக்கப்படுகிறார் என்பதைத்தான் அடுத்து வரும் ஆண்டுகள் காட்டுகின்றன.

ஆயுதங்களை அடுக்கிய ஆண்டுகள்

1946ம் ஆண்டு கீழவைக்கும், 1952ம் ஆண்டு செனட் அவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1960ம் ஆண்டு அரசுத்தலைவர் தேர்தலில் நின்றார். கத்தோலிக்கர் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தால் வத்திக்கானே அமெரிக்காவை ஆளும் என்று பலர் அச்சத்தைக் கிளப்பினர். அந்த ஆண்டு செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் பிற சபைப் போதகர்கள் முன் நின்று, தாம் எந்தத் திருஅவைத் தலைவரின் கட்டளைக்கும் உட்பட்டு ஆட்சி செய்யப் போவதில்லை என்று அவர் விளக்கம் அளிக்க வேண்டியிருந்தது.

அதே தேர்தலில் அவர் அடிக்கடி எழுப்பிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. ஏவுகணைகளின் எண்ணிக்கையில் சோவியத் ஒன்றியம் அமெரிக்காவை முந்திவிட்டது என்பதே அது. பதவிக்கு வந்த பிறகு உண்மை தெரிந்தது. முந்தியிருந்தது அமெரிக்காதான்; அதுவும் பெரும் இடைவெளியில். அப்படியிருந்தும் குவிப்பு நிற்கவில்லை. நிலத்தடிக் குழிகளில் வைக்கப்படும் மினிட்மேன் ஏவுகணைகளும், நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஏவப்படும் போலாரிஸ் ஏவுகணைகளும் அவர் ஆட்சியில் விரைவுபடுத்தப்பட்டன. அமெரிக்க அரசு பின்னாளில் வெளியிட்ட கணக்கின்படி, 1962ம் ஆண்டு அந்நாட்டின் கையிருப்பில் 25,000க்கும் மேற்பட்ட அணு ஆயுதங்கள் இருந்தன. ஹிரோஷிமாவை அழிக்க ஒன்றே போதுமாயிருந்தது.

1961ம் ஆண்டு பதற்றம் மிகுந்த ஆண்டு. ஏப்ரலில் கியூபா மீது அமெரிக்க ஆதரவுடன் நடந்த படையெடுப்பு தோல்வியில் முடிந்தது. ஜூன் மாதம் வியன்னாவில் சோவியத் தலைவர் நிக்கிட்டா குருஷேவைச் சந்தித்த கென்னடி மனம் சோர்ந்து திரும்பினார். ஆகஸ்டில் பெர்லின் நகரின் நடுவே சுவர் எழுந்தது. செப்டம்பர் முதல் நாள், ஏறத்தாழ மூன்றாண்டுகளாக நிறுத்திவைத்திருந்த அணு ஆயுதச் சோதனைகளை சோவியத் ஒன்றியம் மீண்டும் தொடங்கியது. அக்டோபர் 30ம் தேதி அது வெடித்துப் பார்த்த குண்டு, ஹிரோஷிமாவில் விழுந்ததைப் போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல் ஆற்றல் கொண்டது. அமெரிக்காவும் அமைதி காக்கவில்லை. 1962 ஏப்ரலில், பசிபிக் கடலின் மேலே வானவெளியில் தன் சோதனைகளைத் தொடங்கியது.

அந்த நாட்களில் அமெரிக்கக் குடும்பங்கள் வீட்டுத் தோட்டத்தில் பதுங்கு அறைகளைக் கட்டத் தொடங்கின. அண்டை வீட்டார் தஞ்சம் கேட்டு வந்தால் கதவைத் திறப்பதா, ஆயுதம் காட்டி விரட்டுவதா என்ற கேள்வி ஆலய வளாகங்களிலும் விவாதிக்கப்பட்டது. தன் குடும்பத்தைக் காக்க ஒருவர் கதவை அடைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் இயேசு சபை அருள்பணியாளர் ஒருவரே 1961ம் ஆண்டு எழுதிய கட்டுரை பெரும் சர்ச்சையை எழுப்பியது. நல்ல சமாரியர் உவமையைச் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்களையே அணு ஆயுதம் எங்கே கொண்டுவந்து நிறுத்தியது, பாருங்கள்!

மழையோடு வந்த நஞ்சு

வானவெளியில் வெடிக்கும் அணு குண்டு, வெடித்த இடத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதன் கதிர்வீச்சுத் தூசி காற்றில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, மழையோடு தரையில் இறங்குகிறது. அதில் உள்ள ஸ்ட்ரான்ஷியம் 90 என்ற பொருள் புல்லில் படிகிறது; புல்லை மேயும் பசுவின் பாலில் கலக்கிறது; பாலைக் குடிக்கும் குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் சேர்கிறது. செயின்ட் லூயிஸ் நகரில் 1958ம் ஆண்டு முதல் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஆய்வு செய்த அறிவியலாளர்கள், அந்தப் பற்களில் இந்த நஞ்சு இருப்பதைக் கண்டறிந்தனர். 1961 நவம்பர் முதல் நாள், பல நகரங்களில் தாய்மார்கள் வீதிக்கு வந்து சோதனைகளை நிறுத்தக் கோரினர்.

கென்னடிக்கும் அப்போது இரண்டு சிறு பிள்ளைகள். மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், இந்தத் தூசி எப்படித் தரைக்கு வருகிறது என்று தம் அறிவியல் ஆலோசகரிடம் அவர் கேட்டதாகவும், மழைதான் அதைக் கொண்டுவருகிறது என்று ஆலோசகர் சொன்னதும், சன்னலுக்கு வெளியே பார்த்தபடி நீண்ட நேரம் பேசாமல் இருந்ததாகவும் சொல்லப்படுகிறது. எதிரியை அச்சுறுத்தச் செய்யப்பட்ட ஆயுதம், எதிரி தொடும் முன்பே தம் நாட்டுப் பிள்ளைகளின் பாலில் கலந்துவிட்டது.

பதின்மூன்று நாட்கள்

1962ம் ஆண்டு அக்டோபர் 11ம் தேதி, திருத்தந்தை 23ம் யோவான் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்தைத் தொடங்கி வைத்தார். உலகெங்குமிருந்து ஆயர்கள் உரோமையில் கூடியிருந்தனர். ஐந்தே நாட்களில், அக்டோபர் 16ம் தேதி காலை, கென்னடியின் கையில் சில நிழற்படங்கள் வைக்கப்பட்டன. அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கியூபாவில், சோவியத் ஒன்றியம் அணு ஏவுகணைத் தளங்களை அமைத்துக்கொண்டிருந்தது.

உடனே குண்டு வீசித் தளங்களை அழிக்க வேண்டும் என்று படைத்தளபதிகள் வற்புறுத்தினர். கென்னடி அதற்கு இணங்கவில்லை. கியூபாவைச் சுற்றிக் கடலில் தடை ஏற்படுத்தி, எதிர்த்தரப்புக்கு யோசிக்க நேரம் கொடுக்கும் வழியைத் தேர்ந்துகொண்டார். 22ம் தேதி தொலைக்காட்சியில் நாட்டு மக்களுக்கு நிலைமையை அறிவித்தார். அணு குண்டுகளைச் சுமந்த விமானங்கள் இரவும் பகலும் வானில் சுற்றிக்கொண்டிருந்தன. உலகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

அக்டோபர் 25ம் தேதி, வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை 23ம் யோவான் பிரெஞ்சு மொழியில் பேசினார். அவர் யாரையும் குற்றம் சாட்டவில்லை. எந்தத் தரப்பின் பெயரையும் சொல்லவில்லை. மாசற்ற குழந்தைகளும் முதியோரும் அமைதிக்காக எழுப்பும் அழுகுரலுக்கு ஆட்சியாளர்கள் செவிகொடுக்க வேண்டும் என்றும், பேச்சுவார்த்தையைத் தொடர வேண்டும் என்றும் மன்றாடினார். மறுநாள் அந்த வேண்டுகோள் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா நாளிதழிலேயே வெளிவந்தது. கடவுள் இல்லை என்று சொன்ன ஓர் அரசின் நாளிதழில் திருத்தந்தையின் குரல்! அந்த வேண்டுகோள்தான் நெருக்கடியைத் தீர்த்தது என்று சொல்வது மிகையாகும். ஆனால், பின்வாங்குவது தோல்வி என்று இரு தரப்பும் அஞ்சிய நேரத்தில், பின்வாங்குவது மாண்புள்ள செயல் என்று சொல்ல ஒருவராவது இருந்தார்.

27ம் தேதி சனிக்கிழமை, கியூபாவின் மேல் பறந்த அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அதன் விமானி இறந்தார். பதிலடி கொடுக்கக் கென்னடி அனுமதிக்கவில்லை. அன்று இரவு அவருடைய தம்பி ராபர்ட், சோவியத் தூதரைத் தனியே சந்தித்தார். கியூபா மீது படையெடுப்பதில்லை என்ற உறுதியோடு, துருக்கியில் வைத்திருந்த தம் ஏவுகணைகளை அமெரிக்காவும் அகற்றிக்கொள்ளும் என்ற வாக்கும் இரகசியமாகத் தரப்பட்டது. 28ம் தேதி ஞாயிறு காலை, ஏவுகணைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக மாஸ்கோ வானொலி அறிவித்தது. அன்று வாஷிங்டனில் உள்ள புனித ஸ்தேவான் ஆலயத்தில் கென்னடி திருப்பலி கண்டார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் ஓர் உண்மை வெளிவந்தது. அந்த நாட்களில் கியூபாவில் சோவியத் அணு குண்டுகள் ஏற்கெனவே வந்திறங்கியிருந்தன. படையெடுத்து வருவோர் மீது பயன்படுத்தக்கூடிய சிறுவகைக் குண்டுகளும் அவற்றில் இருந்தன. தளபதிகளின் சொல்லைக் கேட்டுப் படையை அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

திருத்தந்தையின் கடைசி மடல்

அன்பர்களே, பலரும் கென்னடியின் பெருமையாகச் சொல்வது இந்தப் பதின்மூன்று நாட்களைத்தான். ஆனால் ஆபத்திலிருந்து தப்பியவர்கள் எல்லாரும் மாறுவதில்லை. தப்பித்த பிறகு பழைய பாதைக்கே திரும்புவோர்தான் அதிகம். கென்னடியும் இன்னும் அதிகமான ஏவுகணைகளைக் கேட்டிருக்கலாம்; நாடு கைதட்டியிருக்கும். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்க இதழாசிரியர், 1962 டிசம்பரில் மாஸ்கோ சென்று குருஷேவைச் சந்தித்தார். வத்திக்கானுக்கும் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே அவர் தூதராகச் செயல்பட்டார். அந்த முயற்சியின் பலனாக, பதினெட்டு ஆண்டுகளாகச் சிறையிலும் கட்டாய உழைப்பு முகாம்களிலும் துன்புற்ற உக்ரைன் பேராயர் யோசிப் ஸ்லிப்பி, 1963ம் ஆண்டு தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டு உரோமை வந்து சேர்ந்தார். பகைவர்களுக்கு நடுவே ஒரு சிறு கதவு திறந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 11ம் தேதி, பெரிய வியாழனன்று, திருத்தந்தை 23ம் யோவான் தம் கடைசிச் சுற்றுமடலான 'பாச்செம் இன் தெரிஸ்' என்ற மடலை வெளியிட்டார். அவனியில் அமைதி என்பது அதன் பொருள். அதற்குமுன் வெளிவந்த சுற்றுமடல்கள் திருஅவைக்குள் இருப்போரை நோக்கி எழுதப்பட்டன. இதுவோ நல்மனம் கொண்ட எல்லா மனிதரையும் நோக்கி எழுதப்பட்டது. ஆயுதப் போட்டி நிறுத்தப்பட வேண்டும், கையிருப்புகள் எல்லாத் தரப்பிலும் ஒரே நேரத்தில் குறைக்கப்பட வேண்டும், அணு ஆயுதங்கள் தடை செய்யப்பட வேண்டும் என்று அது கேட்டது. இரு பக்கமும் சம அளவில் ஆயுதம் வைத்திருப்பதால் வருவது உண்மையான அமைதி அல்ல, ஒருவர் மேல் ஒருவர் கொள்ளும் நம்பிக்கையில்தான் அமைதி நிலைக்கும் என்றும் அது கற்பித்தது.

ஒன்பது நாட்கள் கழித்து, பாஸ்டன் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பேசிய கென்னடி, ஒரு கத்தோலிக்கராக இந்த மடலைக் குறித்துப் பெருமைப்படுவதாகவும், ஓர் அமெரிக்கராக அதிலிருந்து கற்றுக்கொண்டதாகவும் வெளிப்படையாகத் தெரிவித்தார். எந்தத் திருஅவைத் தலைவரின் கட்டளைக்கும் உட்படேன் என்று வாக்களித்துப் பதவிக்கு வந்தவர் அவர். இப்போதும் யாரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. மனச்சான்றோடு பேசிய ஒரு முதியவரின் குரலை அவர் மனதார ஏற்றுக்கொண்டார். வயிற்றுப் புற்றுநோயால் வருந்திய அந்தத் திருத்தந்தை, ஜூன் 3ம் தேதி இறைவனடி சேர்ந்தார். அவரும் கென்னடியும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை.

எதிரிக்கும் பிள்ளைகள் உண்டு

ஒரு வாரம் கழித்து, ஜூன் 10ம் தேதி, வாஷிங்டனில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் கென்னடி உரையாற்றினார். அமெரிக்க ஆயுதங்களால் உலகின் மேல் சுமத்தப்படும் அமைதி தமக்கு வேண்டாம் என்றார். எதிரி மாற வேண்டும் என்று சொல்வதற்கு முன், தம் மக்கள் தங்கள் சொந்த மனப்பான்மையைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் மக்கள் இரண்டு கோடிப் பேரையாவது பலிகொடுத்ததை நினைவூட்டினார். அவர்களும் தங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுபவர்களே, அவர்களும் ஒரு நாள் இறக்கப்போகும் மனிதர்களே என்றார். மற்ற நாடுகள் செய்யாதவரை, வானவெளியில் இனி அமெரிக்கா அணு ஆயுதச் சோதனை செய்யாது என்று அறிவித்தார். எதிர்த்தரப்பு கையெழுத்திடும்வரை காத்திராமல், முதல் அடியைத் தாமே எடுத்துவைத்தார்.

சோவியத் நாளிதழ்கள் அந்த உரையை முழுமையாக வெளியிட்டன. ஜூன் 20ம் தேதி, இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏற்படுத்த இருநாடுகளும் ஒப்புக்கொண்டன. ஜூலை 15ம் தேதி மாஸ்கோவில் பேச்சு தொடங்கியது. பத்தே நாட்களில் உடன்பாடு எட்டியது. வானவெளியிலும், விண்வெளியிலும், நீருக்கு அடியிலும் அணு ஆயுதச் சோதனைகளைத் தடை செய்யும் உடன்படிக்கையில், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் பிரிட்டனும் ஆகஸ்ட் 5ம் தேதி கையெழுத்திட்டன. 1954ம் ஆண்டிலேயே இத்தகைய சோதனைகளை நிறுத்தும்படி பிரதமர் நேரு மூலம் குரல் கொடுத்த நம் இந்தியாவும் சில நாட்களில் அதில் இணைந்தது.

மாஸ்கோவில் கையெழுத்தான இரண்டு நாட்களில் கென்னடி தம்பதியருக்கு ஆண் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. பேட்ரிக் என்று பெயரிடப்பட்டுத் திருமுழுக்குப் பெற்ற அந்தக் குழந்தை, மூச்சுத் திணறலால் ஆகஸ்ட் 9ம் தேதி இறந்தது. பாஸ்டன் பேராயர் கர்தினால் ரிச்சர்டு குஷிங் அடக்கத் திருப்பலி நிறைவேற்றினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் அதே ஆகஸ்ட் 9ம் தேதியில்தான், ஜப்பானியக் கத்தோலிக்கரின் தாயகமான நாகசாகி மீது அமெரிக்க அணுகுண்டு விழுந்தது. உரக்காமி பேராலயத்தில் ஒப்புரவு அருளடையாளத்துக்காகக் கூடியிருந்தவர்களும் அன்று மடிந்தனர். ஒரு குழந்தையின் சாவு பெற்றோரை எப்படி உடைத்துவிடுகிறது என்பதைக் கென்னடி அந்த ஆண்டு அதே நாளில் அறிந்தார்.

முடிவு பெறாத பணி

உடன்படிக்கைக்கு உள்நாட்டில் எதிர்ப்பு இருந்தது. அணு அறிவியலாளர் எட்வர்டு டெல்லர் அதைக் கடுமையாக எதிர்த்தார். தளபதிகள் தயங்கினர். கென்னடி தளரவில்லை. செப்டம்பர் 24ம் தேதி செனட் அவை 80 வாக்குகளுக்கு 19 என்ற கணக்கில் ஒப்புதல் அளித்தது. அக்டோபர் 7ம் தேதி அவர் ஒப்புதல் ஆவணத்தில் கையெழுத்திட்டார். ஆறு வாரங்களே கடந்த நிலையில், டாலஸ் நகரில் குண்டுகள் பாய்ந்தன. மருத்துவமனையில் அருள்தந்தை ஆஸ்கர் ஹூபர் அவருக்கு இறுதி அருளடையாளத்தை அளித்தார். நவம்பர் 25ம் தேதி, வாஷிங்டன் புனித மத்தேயு பேராலயத்தில் கர்தினால் குஷிங் திருப்பலி நிறைவேற்ற, கென்னடி ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு வயது 46.

அவர் செய்தது போதுமா? இல்லை என்பதே நேர்மையான பதில். உடன்படிக்கை நிலத்தடிச் சோதனைகளைத் தடை செய்யவில்லை. செனட் அவையின் ஆதரவைப் பெற, அத்தகைய சோதனைகள் தொடரும் என்று வாக்களிக்கவும் வேண்டியிருந்தது. அவை 1992ம் ஆண்டுவரை தொடர்ந்தன. ஆயுதக் கையிருப்பும் அவருக்குப் பின் கூடிக்கொண்டே போய், 1967ம் ஆண்டு 31,255 என்ற உச்சத்தை எட்டியது. ஆனால், 1963ம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் வானவெளியில் ஒரு சோதனைகூட நடத்தவில்லை. குழந்தைகளின் பற்களில் நஞ்சு குறையத் தொடங்கியது. அணு ஆயுதப் பரவலைத் தடுக்கும் 1968ம் ஆண்டு உடன்படிக்கைக்கும், பின்னர் வந்த ஆயுதக் குறைப்பு உடன்படிக்கைகளுக்கும் அந்த ஒரு கையெழுத்தே வழி திறந்தது. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கையிருப்பு 3,748 ஆகக் குறைந்திருந்ததாக அந்நாட்டு அரசே அறிவித்தது. குறைந்தது உண்மை. ஆனால், அந்த 3,748ல் ஒவ்வொன்றும் ஒரு நகரத்தை அழிக்க வல்லது என்பதும் உண்மை.

திருஅவையின் குரலும் காலப்போக்கில் இன்னும் தெளிவடைந்துள்ளது. 1965ம் ஆண்டு வெளியான 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற சங்க ஏடு, நகரங்களை மக்களோடு சேர்த்து அழிக்கும் போர்ச் செயலைக் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் எனக் கண்டித்தது. அமெரிக்க ஆயர்கள் 1983ம் ஆண்டு தங்கள் சொந்த நாட்டின் அணு ஆயுதக் கொள்கையையே கேள்விக்கு உட்படுத்தி மேய்ப்புப்பணி மடல் எழுதினர். அணு ஆயுதங்களை முற்றிலும் தடை செய்யும் உடன்படிக்கையில் 2017ம் ஆண்டு திருப்பீடம் கையெழுத்திட்டு, அதே நாளில் ஒப்புதலும் அளித்தது. 2019ம் ஆண்டு நவம்பரில் ஹிரோஷிமாவில் நின்ற திருத்தந்தை பிரான்சிஸ், அணு ஆயுதங்களைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் அறநெறிக்குப் புறம்பானது என்று அறிவித்தார். அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகளில் எதுவும் இன்றுவரை அந்தத் தடை உடன்படிக்கையில் சேரவில்லை. நம் நாடும் சேரவில்லை.

நம் சிந்தனைக்கு

அன்பர்களே, கென்னடியின் வாழ்வு நமக்குச் சொல்வது என்ன? ஆயுதத்தைக் கீழே வைக்கும் செயல், கையில் தொடங்குவதற்கு முன் கண்ணில் தொடங்குகிறது. எதிரியின் வீட்டிலும் பால் குடிக்கும் குழந்தை உண்டு என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் கென்னடியால் அந்த முதல் அடியை எடுக்க முடிந்தது. அதுவரை, தம் மக்களைக் காப்பதாக நம்பியே அவர் ஆயுதங்களை அடுக்கினார்.

நம்மிடம் ஏவுகணைகள் இல்லை. ஆனால், பங்கில் இரண்டு குழுக்கள், குடும்பத்தில் இரண்டு சகோதரர்கள், ஊரில் இரண்டு தெருக்கள், அவர்கள் முதலில் இறங்கி வரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதை நாம் அறிவோம். வழக்கு, வசை, பழைய கணக்கு என்று நாமும் கையிருப்பைக் கூட்டிக்கொண்டே போகிறோம். மலைப்பொழிவில் நம் ஆண்டவர் பேறுபெற்றோர் என்று அழைத்தது அமைதியை விரும்புவோரை மட்டும் அல்ல, அதை ஏற்படுத்துவோரை. ஏற்படுத்துவது என்றால், யாராவது ஒருவர் முதலில் எழுந்து நடக்க வேண்டும்.

கென்னடிக்கு அந்த முதல் அடிக்குப் பின் கிடைத்த காலம் ஐந்தரை மாதங்கள் மட்டுமே. நமக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பது நம் யாருக்கும் தெரியாது.

செபிப்போம்

அமைதியின் ஆண்டவரே, நாடுகளை ஆள்வோரின் உள்ளங்களைத் தொட்டருளும். எண்ணிக்கையில் பாதுகாப்பைத் தேடும் அச்சத்திலிருந்து அவர்களை விடுவித்தருளும். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் மாண்டவர்களுக்கும், அணு ஆயுதச் சோதனைகளால் உடல்நலம் இழந்தவர்களுக்கும் உம் இரக்கத்தைக் காட்டியருளும். நாங்கள் பகைவர் என்று கருதுபவரின் வீட்டிலும் உம் பிள்ளைகளைக் காணும் கண்களை எங்களுக்குத் தந்தருளும். ஆமென்.